மிக்சரில் ஒரு விசில்

ஜூன் 9, வெள்ளி

என் மிக்சருக்கு வயதாகிவிட்டது. இன்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

தின்கிற மிக்சர் இல்லை. ஸ்டுடியோவில் என் எதிரே ஒரு கட்டில் நீளத்துக்குப் படுத்திருக்கும் இருபத்து நாலு சேனல் மிக்சர். ஒவ்வொரு மைக்கிலிருந்தும் வரும் சத்தத்தை வாங்கி, கூட்டிக் குறைத்து, ஒன்றாகக் கலந்து தரும் யந்திரம். கோயம்புத்தூரில் மற்ற ஸ்டுடியோக்காரர்கள் ஒரு லேப்டாப்பையும் டிபன் பாக்ஸ் அளவு பெட்டியையும் வைத்துக்கொண்டு தொழில் செய்கிறார்கள். நான் மாறவில்லை. 'திருமூர்த்திக்குப் பாம்புக் காது' என்று ஊரில் பேர் இருக்கும்போது எதற்காக மாற வேண்டும்?

ஆனால் சில மாதங்களாக எதைப் போட்டாலும் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி வருகிறது. ஜாலராவில் ஜல் இல்லை. 'ச' வரவேண்டிய இடத்தில் காற்று வருகிறது. ட்ரெபிள் என்கிற மேல் சத்தத் திருகைக் கூட்டிக் கூட்டித்தான் ஓட்டுகிறேன். போன வாரம் ஒரு நகைக்கடை விளம்பரப் பாட்டைக் கலந்து கொடுத்தேன். கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார், "காதுல ஊசி ஏத்தற மாதிரி இருக்குதுங்க" என்று. முதலில் காதைச் சுத்தம் செய்யுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. வாடிக்கையாளர் என்பதால் விட்டேன்.

இன்று காலை அம்சவேணி வந்தார். வடவள்ளியில் தையல் கடை வைத்திருக்கிறார், வள்ளி கும்மிக் குழு ஒன்றும் நடத்துகிறார். பதினாறு பெண்கள் வட்டமாகச் சுற்றி, பாடிக்கொண்டே ஆடுவார்கள். ஆடுகிறபடியே அதைப் பதிவு செய்ய வேண்டுமாம்.

"மத்த ஸ்டுடியோவுல ஒவ்வொருத்தரா கண்ணாடி ரூமுக்குள்ள நின்னு பாடோணும்ங்கறாங்கண்ணா. கும்மிய எப்படீங்க தனியா நின்னு அடிக்கறது? கொசு அடிக்கற மாதிரியல்ல இருக்கும்?"

ஜூலை பதினாறு என்று நாள் குறித்தோம். அதற்குள் மிக்சரை இளமையாக்கிவிடுவேன். கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். ஆப்-ஆம்ப். எட்டுக் கால் வைத்த கருப்பு வண்டு மாதிரி ஒரு சில்லு, சத்தத்தைப் பெரிதாக்குவது அதன் வேலை. பழைய சில்லுகள் சோம்பேறிகள். வேகமான புதுசுகளைப் போட்டு, காய்ந்துபோன கெப்பாசிட்டர்களையும் மாற்றிவிட்டால் பளிச்சென்று ஆகிவிடும்.

ஜூன் 11, ஞாயிறு

மிக்சரைப் பிரித்தாயிற்று. ஸ்டுடியோவில் வெளிச்சம் போதாது. அதனால் ஒவ்வொரு சேனல் பலகையாகக் கழற்றி மாடியில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். சாந்தாமணி மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டை எடுத்துக்கொண்டு வாசல் படியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சாந்தாமணி என் மனைவி. நூலகத்தில் வேலை. பல வருஷமாக 'சத்தம் போடாதீர்கள்' பலகையின் கீழேயே உட்கார்ந்து அவளுக்குக் கிசுகிசுவென்று பேசுவதே பழக்கமாகிவிட்டது. இப்போது அது முற்றிப்போய், அடுக்களையிலிருந்து பேசினால் வெறும் முணுமுணுப்புதான் வருகிறது. வாயைத் திறந்து பேசு என்று பலமுறை சொல்லிவிட்டேன்.

கடைக்குப் போகும்போது, மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். விசிலே வரவில்லை. பருப்பு தீய்ந்துவிட்டது. குக்கரின் விசிலும் பழுது. எல்லாப் பழுதும் ஒரே நேரத்தில்தான் வந்து சேர்கிறது.

ஜூன் 14, புதன்

சில்லுகள் வந்துவிட்டன. அட்டைப் பெட்டியைத் திறந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்றுகூட இவ்வளவு படபடப்பு இல்லை. (இந்தப் பக்கத்தை சாந்தாமணி படிக்கக் கூடாது.)

முதல் சேனல் முடிந்தது. பழைய சில்லைக் கழற்றுவதற்குள் பலகையில் ஒரு செம்புப் பட்டை உரிந்து வந்துவிட்டது. மெல்லிய கம்பி ஒன்றை வைத்து ஒட்டுப் போட்டேன். பழைய சேனலையும் புதிய சேனலையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

ஓரளவு தெரிகிறது.

எல்லாச் சேனலும் முடிந்தால் தெரியும்.

ஜூன் 18, ஞாயிறு

பாதிக்கு மேல் முடித்து, பலகைகளைக் கீழே கொண்டுபோய் மாட்டி, ஸ்பீக்கரில் ஒரு பாட்டை ஓடவிட்டேன். சாந்தாமணி காபி கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றாள். முகம் புளியைக் கடித்த மாதிரி சுருங்கியது.

"ஏனுங்க, இதுக்குள்ள கொசு கிசு போயிருச்சுங்களா?"

"எதுக்குள்ள?"

"உங்க மிக்சருக்குள்ளதான். சொய்ங்குனு ஒரே விசிலா இருக்குதே."

பாட்டை நிறுத்திக் கேட்டேன். நல்ல அமைதி. இவ்வளவு சுத்தமான அமைதி இந்த மிக்சரில் வந்து பல வருஷம் ஆகிறது. அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

"அமைதியா? பல்லெல்லாம் கூசுதுங்க எனக்கு."

காபியை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். சாப்பாட்டு மேசையைத் திரும்ப வாங்க இப்படியும் ஒரு வழி இருக்கிறது போலும்.

ஜூன் 19, திங்கள்

மிக்சரில் விசில் எதுவும் இல்லை. மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 22, வியாழன்

பெலிக்ஸை வரச் சொன்னேன். கீபோர்டு வாசிப்பவன், இருபது வருஷமாக என்னோடு வேலை செய்கிறான். அவனை வெளியே காத்திருக்க வைத்து, சாந்தாமணி நூலகத்துக்குப் போன பிறகுதான் உள்ளே கூப்பிட்டேன். இரண்டு பேரும் முன்கூட்டிப் பேசிவைத்துவிடக் கூடாதல்லவா?

ஸ்பீக்கரைப் போட்டதும் அவனும் அதே புளி முகத்தைக் காட்டினான்.

"அண்ணா, என்னமோ விசில் அடிக்குதே."

"நீயும் ஆரம்பிச்சுட்டியா? அவ போன் பண்ணாளா?"

"ஆருங்ணா? எந்த அவ?"

நடிக்கிறான் என்றே நினைத்தேன். அவன் என் கம்ப்யூட்டரைத் திருப்பி, சத்தத்தைப் படமாகக் காட்டுகிற திரையைத் திறந்தான். அந்தத் திரையை நான் திறப்பதே இல்லை. படம் பார்த்துப் பாட்டுக் கலக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. திரையின் இடது பக்கமெல்லாம் வெறும் தரை. வலது கோடியில், மேல் சத்தங்கள் வரும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு கோடு, கோயில் கொடிமரம் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.

"இதுதாங்ணா அந்த விசில்."

"திரை கோளாறு" என்றேன்.

அவன் ஒரு சேனலை அணைத்தான். கொடிமரம் விழுந்தது. போட்டான். எழுந்தது. அவன் தோள்பட்டை கூட அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. எனக்கு அப்போதும் நல்ல அமைதிதான்.

தலைவலி என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன்.

ஜூன் 23, வெள்ளி

சாந்தாமணி இன்று விடுப்பு. நானே கூப்பிட்டு ஸ்பீக்கர் முன்னால் உட்கார வைத்தேன். கம்ப்யூட்டர் திரை அவளுக்குத் தெரியாதபடி திருப்பி வைத்துக்கொண்டேன்.

"விசில் கேட்டா விரலைத் தூக்கு. நின்னா இறக்கு. வாயைத் திறக்காதே."

"பள்ளிக்கூடமா இது?" என்றாள். ஆனாலும் விரலைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

ஒரு சேனலைப் போட்டேன். கொடிமரம் எழுந்தது, விரல் எழுந்தது. அணைத்தேன். இரண்டும் இறங்கின. அவளை ஏமாற்ற, போடுவதுபோல் கையைக் கொண்டுபோய்ப் போடாமல் விட்டேன். விரல் அசையவில்லை. சத்தத்தை நூல் நூலாகக் குறைத்தேன். திரையில் கோடு எறும்பளவு ஆகிற வரை விரல் நின்றது. ஏழெட்டு முறை இப்படி. ஒரு முறைகூடத் தப்பவில்லை.

பிறகு அவளுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். நான் மிக்சரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிறிது நேரம் கழித்து முன்னால் வந்து, என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"நான் இப்ப என்னங்க சொன்னேன்?"

"எப்போ?"

"இப்பத்தான். உங்களுக்குப் பின்னால நின்னு. நாலு தடவ."

நாலு தடவை என்ன சொன்னாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மதியம் ரசம் வைத்தாள். தட்டை என் தட்டுக்கு எதிரே வைத்து, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஜூன் 26, திங்கள்

காது பரிசோதனை. சும்மா போய்விட்டு வரலாம் என்று சாந்தாமணி சொன்னதால் போனேன்.

பரிசோதனை அறையின் கட்டுமானம் படுமோசம். சுவரில் பஞ்சு சரியாக ஒட்டவில்லை, ஏசியின் உறுமல் உள்ளே வருகிறது. நஸ்ரின் என்று ஒரு பெண். என் மகள் வயது இருக்கும், எங்களுக்கு மகள் இருந்திருந்தால். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கருவியைத் தட்டினாள்.

முதலில் சுலபமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தங்கள் வருவது நின்றுபோயிற்று. ஆனால் அவளுக்குப் பின்னாலிருந்த அலமாரிக் கண்ணாடியில் அவள் விரல் கருவியைத் தட்டுவது தெரிந்தது. விரல் விழும்போதெல்லாம் நானும் அழுத்தினேன். இது ஏமாற்று இல்லை, கவனம்.

கதவைத் திறந்து உள்ளே வந்தாள்.

"அங்கிள், சேரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கலாங்களா?"

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். வெகு நேரம் பொத்தானில் விரல் வைத்தபடி காத்திருந்தேன். ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் ஒரு காகிதத்தைக் காட்டினாள். கோடு முதலில் சமதரையில் போகிறது, பிறகு மருதமலைப் படியில் கால் தவறியவன் மாதிரி நேரே கீழே இறங்குகிறது.

"மேல் சத்தமெல்லாம் உங்களுக்கு ரொம்பக் குறைஞ்சிருக்குங்க அங்கிள். பல வருஷமா அதிகச் சத்தத்துல இருந்திருக்கீங்க போல. போனது திரும்ப வராது. காதுல மெஷின் வெச்சா பேச்சு நல்லாப் புரியும். என்ன வேலை பாக்கறீங்க?"

"விவசாயம்" என்றேன்.

"ரெக்கார்டிங் ஸ்டுடியோ வெச்சிருக்காருங்க" என்றாள் சாந்தாமணி. அவள் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஜூன் 27, செவ்வாய்

ஸ்டுடியோவைத் திறக்கவில்லை. தலைவலி.

ஜூன் 28, புதன்

தலைவலி. மிக்சரை வாங்கிக்கொள்ள யாராவது இருப்பார்களா என்று பெலிக்ஸிடம் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான்.

ஜூன் 30, வெள்ளி

அம்சவேணிக்கு போன் செய்து, மிக்சர் தயாராகாது, வேறு ஸ்டுடியோ பாருங்கள் என்றேன். அரை மணியில் ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார். கழுத்தில் கிடந்த அளவெடுக்கும் டேப்பைக் கழற்றக்கூட இல்லை.

"என்னங்கண்ணா ஆச்சு? உங்களத்தான் நம்பி எல்லாத்துக்கும் ஒரே கலர் சீலையெடுத்து ஜாக்கெட்டெல்லாம் வெட்டிட்டேன்."

மிக்சர் கோளாறு என்றேன். அவர் மேசையிலிருந்த பலகைகளைப் பார்த்தார், சாந்தாமணியைப் பார்த்தார். சாந்தாமணி சுவரைப் பார்த்தாள். இனி என்னால் முடியாது என்று தோன்றியது.

"மிக்சர் இல்லீங்க அம்மிணி. என்ற காது போச்சு. மேல் சத்தம் ஒண்ணுமே கேக்கறதில்ல. கேக்காதவன் கலந்தா உங்க பாட்டு தகரமாப் போயிரும்."

முப்பது வருஷத் தொழிலை ஒரு மூச்சில் எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். அம்சவேணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவ்வளவுதானுங்களா? நான் என்னமோ ஏதோன்னு பயந்து போயிட்டேன். எங்க குழுவுல பாதிப் பேருக்கு முட்டி தேஞ்சு போச்சுங்கண்ணா. ஆடறமா இல்லீங்களா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? முட்டி வலிக்கறவள உள் வட்டத்துல விட்டு நடக்க வெப்போம். குதிக்கறவ வெளி வட்டத்துல குதிப்பா. உங்களுக்கு எது கேக்குதோ அத நீங்க பாருங்க. கேக்காதத அக்கா பாக்கட்டும்." சாந்தாமணியின் பக்கம் திரும்பி, "ஏனுங்கக்கா, உங்களுக்கு நல்லாக் கேக்குமில்ல?"

"எறும்பு நடந்தாக் கேக்கும்" என்றாள் என் மனைவி.

ஜூலை 8, சனி

விசிலின் காரணம் பிடிபட்டுவிட்டது. காதால் அல்ல, புத்தகத்தால். வேகமான சில்லுகள் இளங்கன்றுகள் மாதிரி. காலடியிலேயே சிறிய கெப்பாசிட்டர் ஒன்றைக் கட்டிவைக்காவிட்டால் தாமாகத் துள்ள ஆரம்பித்துவிடும். அந்தத் துள்ளல் எந்த மனிதக் காதுக்கும் எட்டாத உயரத்தில் நடக்கும். ஆனால் இரண்டு சில்லுகள் பக்கத்துப் பக்கத்தில் துள்ளி முட்டிக்கொண்டால் நடுவில் ஒரு விசில் பிறக்கும். யாருக்குமே கேட்காத இரண்டு சேர்ந்து, என்னைத் தவிர எல்லாருக்கும் கேட்கிற ஒன்றைப் பெற்றிருக்கின்றன. இதைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

இன்று முழுக்க நான் கெப்பாசிட்டர் கட்ட, சாந்தாமணி கேட்டுச் சொன்னாள். அவளுக்குத் தொழில் பாஷை கிடையாது. எல்லாம் அடுக்களைதான்.

"இது வெங்காயம் வதங்கற சத்தம்."

"இரைச்சல். சரி, கெப்பாசிட்டர் மாத்தறேன்."

"இது பால் பொங்கறதுக்கு முன்னாடி வருமே, அது. பத்தாவது இன்னும் கத்துது. ஏனுங்க, பத்தாவதுங்கறேன், நீங்க பன்னண்டக் கழட்டறீங்க!"

இரண்டு சேனல்கள் என்ன செய்தும் அடங்கவில்லை. பழைய சில்லுகளையே திரும்பப் போட்டோம். 'இதுதான் எல்லாத்தையும் விட நல்லா இருக்குது' என்று அவற்றைக் காட்டிச் சொன்னாள். நான் அடுத்த பலகையை எடுத்தேன்.

பிறகு ட்ரெபிள் திருகுகள். ஒவ்வொன்றையும் அவள் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். எனக்கு எல்லாமே கம்பளிக்குள்தான் இருந்தது. கை தானாக அதைக் கூட்டப் போனது. இரண்டு முறை என் கையைத் தட்டிவிட்டாள். மூன்றாம் முறை, கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் ஒரு பொட்டு ஒட்டினாள்.

"இந்தப் பொட்டத் தாண்டுனீங்கன்னா சோறு கெடையாது."

என் மிக்சர் இப்போது இருபத்து நாலு சிவப்புப் பொட்டோடு மங்களகரமாக இருக்கிறது.

ஜூலை 16, ஞாயிறு

காலையிலேயே பதினாறு பேருக்கு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் பதினைந்து. பதினாறாவது பெண்மணிக்கு முட்டி வீங்கிவிட்டதாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவர்கள் ஆடும் கூடத்தில் மைக் வைப்பது முழுக்க என் வேலை. அங்கே காலடி எப்படி விழுகிறது, கைத்தட்டல் எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும், கேட்கவும் செய்கிறது. ஒரு மைக்கை இரண்டு சாண் நகர்த்தியதும் மொத்த வட்டமும் திரண்டு முன்னால் வந்து நின்றது. பெலிக்ஸ் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினான். இந்த வாரம் வாங்கிக் காதுக்குப் பின்னால் மாட்டியிருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தேன். பேச்சுக்கு அது தேவலை, பாட்டுக்குச் சரிப்படவில்லை. நஸ்ரின் பழகப் பழகச் சரியாகும் என்கிறாள்.

ஒத்திகையின்போது சாந்தாமணி என் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து பொட்டுகளை இடம் மாற்றி ஒட்டினாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் அம்சவேணி கதவைத் திறந்தார்.

"அக்கா, ஒரு கை கொறையுது. எதுத்தாப்புல நிக்கறவ கையத் தட்டோணும். ஆள் ஒத்தப்படையா இருந்தா ஒருத்தி காத்தத் தட்டோணும். நீங்க வாங்க."

"ஐயோ, எனக்கு ஆடத் தெரியாதுங்க!"

"நீங்க ஆட வேண்டாம். தட்டுனாப் போதும்."

நான் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார். விளக்கு எரிந்தது. பெலிக்ஸ் பதிவைத் தொடங்கினான். என் பக்கத்து நாற்காலி காலி.

பாட்டு ஏறியது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று. அடவு மாற மாற எனக்கு மறுபடியும் கம்பளி. எதையாவது கூட்ட வேண்டும் என்று விரல் துடித்தது. பொட்டுகளைப் பார்த்தேன். கண்ணாடி வழியாகச் சாந்தாமணியைப் பார்த்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, பக்கத்தில் ஆடுகிறவளின் காலையே பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். முதலில் பயம். பிறகு பயம் போய்விட்டது. நூலகத்தில் அவளைத் தெரிந்தவர்கள் பார்த்தால் நம்பமாட்டார்கள்.

கைகளை மிக்சரிலிருந்து எடுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தேன்.

ஜூலை 18, செவ்வாய்

அம்சவேணி கேட்க வந்தார். ஸ்பீக்கர் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். சாந்தாமணி அவருக்குப் பின்னால், பெலிக்ஸ் வாசலில். என் பேரில் வெளியே போகிற பாட்டில் பாதி எனக்கே கேட்காது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அம்சவேணியின் முகத்தைத்தான்.

முதல் சுற்றில் அவர் கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது. இரண்டாம் சுற்றில் தலை ஆடியது. புளி முகம் எங்கேயும் வரவில்லை. மூன்றாம் சுற்றில் திடீரென்று கண்ணைத் திறந்தார்.

"நிறுத்துங்கண்ணா. ஆரு அது, தப்பாத் தட்டறது? எல்லாரும் தட்டி முடிச்ச பொறகு தனியா ஒரு தட்டு!"

பெலிக்ஸ் பின்னால் போய் மறுபடி ஓடவிட்டான். பதினைந்து கைகள் ஒரே அடியாக விழுந்தன. அதற்கு ஒரு கடுகு நேரம் கழித்து, சாவகாசமாக, ஒரு கை. அடுத்த தட்டிலும் அப்படியே. அதற்கடுத்த தட்டிலும்.

"அத மட்டும் எடுத்துர முடியுங்களாண்ணா?"

"எல்லாரும் ஒண்ணாப் பாடுனதுங்க அம்மிணி. ஒரு கைய மட்டும் பிரிச்சு எடுக்க முடியாது. வேணும்னா மறுபடி வேன் சொல்லுங்க, இன்னொரு நாள் எடுத்துக்கலாம்" என்றேன்.

அம்சவேணி யோசித்தார். இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை. கடைசியில் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது.

"கேக்கக் கேக்க நல்லாத்தான் இருக்குது. கூட்டம் நெறைய இருக்கற மாதிரி. இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஆருன்னு மட்டும் தெரியோணும் எனக்கு."

"அந்த மஞ்சக் கம்மல் போட்ட புள்ளையா இருக்கும்" என்றாள் சாந்தாமணி, அவசரமாக. "நான் பாத்தேன், அவதான் வேற எங்கியோ பராக்குப் பாத்துட்டிருந்தா."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என் கண்ணைப் பார்க்காமல் பொட்டு அட்டையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அது நீதான் சாந்தா."

"நானா? உங்களுக்கு என்ன தெரியும்? உங்களுக்குத்தான் ஒண்ணும் கேக்காதே!"

"இது கேக்குது" என்றேன். "நல்லாவே கேக்குது."